துணைவேந்தர் மாதம் ஒரு மடல் எழுத வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் பற்றித் தங்கள் பத்திரிகையில் வரும் எந்தச் செய்தியையும் நான் வாசிக்காமல் விடுவதில்லை. துணைவேந்தர் வெளிநாடு சென்றார், அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் கைச்சாத்தானது என்று வாசிக்கும்போது மனதுக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் செய்தி அந்தக் கைச்சாத்தோடு முடிந்துவிடுகிறது. கோப்புகளைக் கைமாற்றும் படம் வரும், நின்றவர்களின் பெயர்கள் வரும். ஒரு வருடம் கழிந்த பின் அந்த ஒப்பந்தத்தால் எந்தப் பிள்ளை எங்கே படிக்கப் போனாள், எந்த ஆய்வுகூடத்துக்கு என்ன கருவி வந்தது என்று அறிய விரும்பினால் எங்கே போய்க் கேட்பது? வளாகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிற எனக்கே இது தெரிவதில்லை. முல்லைத்தீவிலும் மன்னாரிலும் இருந்து பிள்ளையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற தாய் தகப்பனுக்கு என்ன தெரியும்?

ஆகவே தங்கள் மூலமாக ஒரு வேண்டுகோள். அந்தப் பதவியில் யார் இருந்தாலும், துணைவேந்தர் மாதம் ஒருமுறை பொதுமக்களுக்கு ஒரு மடல் எழுத வேண்டும். எங்கே போனேன், எதற்காகப் போனேன், யாருடைய செலவில் போனேன், போன இடத்தில் என்ன கண்டேன், இந்த மாதம் வளாகத்தில் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்று தன்னுடைய சொந்த நடையில், தமிழில் எழுத வேண்டும். அதற்குத் தங்கள் பத்திரிகை அரைப் பக்கம் ஒதுக்க வேண்டும்.

நான் இதே பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் படித்தவள். அதன் பிறகு பாடசாலைகளில் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்றேன். யாழ்ப்பாணத் திருநெல்வேலிச் சந்தியிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் மேல்மாடி அறைகளைப் பல்கலைக்கழக மாணவிகளுக்குக் கொடுத்திருக்கிறேன். இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எல்லா வருடத்துப் பிள்ளைகளுக்கும் போதுமான விடுதி இடம் கிடையாது. அதனால் எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகளுக்கு அறை கொடுக்காத வீடு குறைவு. வளாக வாழ்க்கையின் பாதி இந்த வீடுகளில்தான் நடக்கிறது. பரீட்சைக் காலத்தில் விடிய விடிய எரிகிற விளக்கும், முதல் தரம் வீட்டை விட்டு வந்த பிள்ளையின் அழுகையும், பெறுபேறு வந்த அன்று வைக்கிற பாயாசமும் நாங்கள் அன்றாடம் காண்பவை.

இப்போது என் வீட்டில் இருக்கிற பிள்ளைகளில் ஒருத்தி மலையகத்தில் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவள். முகாமைத்துவம் படிக்கிறாள். தாயும் தகப்பனும் தோட்டத்தில் வேலை. கண்டிக்கு வந்து அங்கே யாழ்ப்பாண பஸ் பிடித்து ஏ-9 வீதியால் இரவு முழுக்கப் பயணம் செய்து காலையில் வந்து இறங்குவாள். கையில் எனக்கென்று ஒரு பை தேயிலை இருக்கும். இன்னொருத்தி மாத்தறைச் சிங்களப் பிள்ளை, விஞ்ஞான பீடம். அவளும் என்னை அன்ரி என்றுதான் கூப்பிடுவாள். கடைப் பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிக்கப் பழகிவிட்டாள். மூன்றாமவள் புதுக்குடியிருப்புப் பிள்ளை. இறுதி யுத்தத்தில் சிறு குழந்தையாகத் தாயோடு தப்பி வந்தவள். இந்த மூன்று வீடுகளுக்கும் பல்கலைக்கழகம் என்பது ஒரே ஒரு பிள்ளையும் ஒரு கைத்தொலைபேசியும்தான். பிள்ளை சொன்னால் செய்தி, சொல்லாவிட்டால் இல்லை.

2024 மே மாதம் 2 ஆம் திகதி நாடு முழுவதும் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கி, இரண்டு மாதமளவில் நீண்டது நினைவிருக்கும். ஊழியர்களின் கோரிக்கையில் நியாயம் இருந்தது, அதைப் பற்றி நான் பேச வரவில்லை. அந்த நாட்களில் ஹற்றனிலிருந்து அந்தத் தாய் எனக்குத் தொலைபேசி எடுத்தார். “கம்பஸ் எப்ப தொறப்பாங்கம்மா? புள்ளைய அனுப்பவா, இங்கயே வச்சுக்கவா? பஸ் காசுக்கு முன்னாடியே சொல்லி வைக்கணும்” என்றார். பஸ் காசுக்கு முன்கூட்டியே கைமாற்றுக் கேட்டு வைக்க வேண்டிய வீடு அது. நான் என்ன பதில் சொல்வேன்? பத்திரிகையில் கொழும்புப் பேச்சுவார்த்தைச் செய்தி இருந்தது. வட்ஸ்அப்பில் ஆளுக்கொரு கதை இருந்தது. பல்கலைக்கழகத்தின் தலைமையிலிருந்து, இந்தத் தாய்க்கு விளங்கும் தமிழில், “நிலைமை இதுதான், இத்தனையாம் திகதிக்கு முன் உங்கள் பிள்ளைகளை அனுப்ப வேண்டியதில்லை” என்று ஒரு கடிதம் இருந்திருந்தால் அதை அப்படியே வாசித்துக் காட்டியிருப்பேன்.

துணைவேந்தர் பத்திரிகையில் எழுதுவது பதவியின் கௌரவத்துக்குப் பொருந்துமா என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் எங்கள் பல்கலைக்கழகத்தின் தொடக்கத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1974 ஒக்டோபர் 6 ஆம் திகதி, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது அதற்குத் தலைவராக வந்தவர் பேராசிரியர் க. கைலாசபதி. அவர் பல்கலைக்கழகத்துக்கு வருமுன் தினகரன் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். அச்சுக்கூட மையின் வாசம் அறிந்தவர். பேர்மிங்ஹாமில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்தவரும் அவர்தான், வாரப் பதிப்புக்கு எழுதியவரும் அவர்தான். பொதுசனங்களுக்கு எழுதுவதைத் தன் தகுதிக்குக் குறைவென்று நினைக்காத ஒருவரை முதல் தலைவராகப் பெற்ற இடம் இது. மாத்தறைப் பிள்ளை ஒருநாள் கைலாசபதி கலையரங்கில் ஏதோ நிகழ்ச்சி பார்த்துவிட்டு வந்து, “அன்ரி, கைலாசபதி யார்?” என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருந்த எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் புதிதாகக் கேட்பது போலத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குப் பின் வந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் காலத்தில்தான், 1979 ஜனவரி முதலாம் திகதி, இது தனிப் பல்கலைக்கழகமானது. அதன் முதல் துணைவேந்தரும் அவரே. இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அதற்காக அவரை யாரும் இன்று நினைப்பதில்லை. பேராதனையில் இருந்த காலத்தில் மட்டக்களப்பு, மன்னார் கிராமங்களுக்குப் போய், கூத்துப் பழக்குகிற அண்ணாவிமாரோடு இருந்து, அழிந்துகொண்டிருந்த கூத்துகளை மேடைக்குக் கொண்டுவந்தாரே, அந்தப் பயணங்களுக்காக நினைக்கிறார்கள். நாட்டுப் பாடல்களைச் சேர்த்துப் பதிப்பித்தார், நாட்டுக்கூத்து ஏடுகளை அச்சேற்றினார். பேராசிரியர் ஒருவர் கிராமத்துக்குப் போவதும் பல்கலைக்கழகப் பயணம்தான் என்பதை அவரிடம் படித்தவர்கள் நேரில் பார்த்தார்கள்.

நான் படிக்கும்போது துணைவேந்தராக இருந்தவர் பேராசிரியர் அழகையா துரைராசா. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அவர் பெயர் ஒரு நினைவுப் பேருரையின் தலைப்பாக மட்டும் தெரிந்தால் போதாது.

வடமராட்சியில் பிறந்து, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்து, பொறியியலாளராகி, கேம்பிரிட்ஜ் போனவர். அங்கே ரொஸ்கோ, ஷோபீல்ட் என்ற இருவரோடு சேர்ந்து 1963 இல் அவர் வெளியிட்ட களிமண் பற்றிய ஆய்வுக் கட்டுரை, மண்பொறியியல் படிக்கிற எந்த நாட்டு மாணவனுக்கும் இன்றைக்கும் தெரிந்த ‘காம் களி’ மாதிரியின் அடித்தளங்களில் ஒன்று. பேராதனையில் பொறியியற் பீடாதிபதியாக இருந்தார். அவர் விரும்பியிருந்தால் எந்த நாட்டிலும் கதிரை போட்டுக் கொடுத்திருப்பார்கள். அவர் 1988 இல் யாழ்ப்பாணத்துக்குத் துணைவேந்தராக வந்தார். அதற்கு முந்திய வருடம் ஒக்டோபரில்தான் இந்தியப் படையினர் ஹெலிகொப்டரில் எங்கள் வளாகத்தில் வந்து இறங்கிச் சண்டை நடந்திருந்தது. அந்தக் காயத்தோடு இருந்த இடத்துக்குத்தான் அவர் வந்தார்.

1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டது. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை, சீமெந்து இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சமாக மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் சேதன இரசாயனம் படித்த தலைமுறை நாங்கள். எண்ணெயை மிச்சம் பிடிக்க நாலு பேர் ஒரு விளக்கைச் சுற்றி இருப்போம். சைக்கிள் தைனமோவை மிதித்து வானொலி கேட்போம். பொம்பர் இரைகிற சத்தம் கேட்டால் பதுங்குகுழி, சத்தம் ஓய்ந்தால் மறுபடி விரிவுரை. பட்டம் முடிக்க எங்களுக்குச் சென்ற வருடங்களை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அந்த நாட்களில் துணைவேந்தர் சைக்கிளில்தான் வருவார். இராமநாதன் வீதியில் மற்றவர்களோடு மற்றவராக மிதித்துக்கொண்டு வருகிற அந்த மெல்லிய மனிதரைப் பார்த்து வளர்ந்ததால், அதிகாரம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எங்களுக்கு வேறு உதாரணம் தேவைப்படவில்லை.

கொழும்புக்குப் போவதென்றால் அப்போது பாதை எப்படி என்பதை இன்றைக்குப் பலாலியில் விமானம் ஏறி ஒன்றரை மணித்தியாலத்தில் சென்னையில் இறங்குகிறவர்கள் அறிய வேண்டும். யாழ்ப்பாணத்தை வன்னியோடு இணைக்கிற ஆனையிறவுப் பாதை மூடிக்கிடந்தது. கொம்படி, ஊரியான் என்று தண்ணீருக்குள்ளால் இழுபட்ட காலம் ஒன்று. பிறகு கிளாலிக் கரையில் காத்திருந்து, இருட்டில், கடற்படைக்குப் பயந்து பயந்து படகில் நீரேரியைக் கடந்தோம். 1993 ஜனவரியில் அந்த நீரேரியில் பயணிகள் பலர் கொல்லப்பட்டார்கள். கரை சேர்ந்தால் உழவு இயந்திரம், சைக்கிள், நடை என்று வவுனியாவுக்குக் கிட்டவுள்ள தாண்டிக்குளம் வரை வன்னிக்குள்ளால் போக வேண்டும். பல்கலைக்கழகத்துக்குக் காசு கொழும்பிலிருந்துதான் வரவேண்டும், கூட்டங்கள் கொழும்பில்தான் நடக்கும், நியமனங்கள் அங்கேதான் தீரும். அப்படிப்பட்ட காலத்தில்தான் அவர் ஒரு பல்கலைக்கழகத்தை மூடவிடாமல் நடத்தினார். அதே காலத்தில்தான், 1990 இல், கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கியது. பொறியியற் பீடமும் அங்கேதான் அமைய வேண்டும் என்று அவர் விரும்பியதை அவரை அறிந்த எல்லோரும் சொல்வார்கள். 1994 ஜூனில், அறுபது வயது நிறையுமுன், நோயில் காலமானார். பொறியியற் பீடத்துக்கு முதல் தொகுதி மாணவர் கிளிநொச்சி அறிவியல்நகரில் வந்து சேர்ந்தது 2014 இல்.

அவருடைய அந்த ஆறு வருடங்களைப் பற்றி மாதாமாதம் அவரே எழுதிய மடல்கள் நம்மிடம் இருந்தால் எப்படி இருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கொழும்பில் எந்த அதிகாரியிடம் என்ன கேட்டார், எதைத் தர மறுத்தார்கள், ஆய்வுகூடத்துக்கு வேண்டிய இரசாயனப் பொருள்களுக்கு என்ன வழி பார்த்தார், கிளிநொச்சி மண்ணில் எந்த இடத்தைத் தெரிந்தெடுத்தார், ஏன்? பழைய பத்திரிகைக் கட்டுகளில் நான் தேடிய அளவில் அப்படி ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியவை இருக்கின்றன. அவர் குரலில் எங்கள் வளாகத்தின் அந்தக் கதை இல்லை. அவரோடு வேலை செய்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இன்று பதவியில் இருக்கிறவருக்கும் நாளை வரப்போகிறவருக்கும் அந்த நிலை வரக்கூடாது.

இனி அந்த மடலில் நான் வாசிக்க விரும்புவதைச் சொல்கிறேன்.

வெளிநாட்டுப் பயணத்தை மறைக்கவோ அடக்கி வாசிக்கவோ வேண்டாம், விரிவாகவே எழுதட்டும். யப்பானில் ஒரு விவசாய பீடத்துக்குப் போனால், அங்கே நெல் ஆராய்ச்சிக்கூடத்தில் மாணவர் என்ன செய்கிறார்கள், விடுதிச் சாப்பாடு எப்படி, நூலகம் எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று எழுதினால் பரந்தனில் வயல் செய்கிறவரும் வாசிப்பார், உயர்தரம் படிக்கிற பிள்ளையும் வாசிக்கும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் பழைய மாணவர்களைச் சந்தித்தால் அவர்கள் என்ன கேட்டார்கள், என்ன தர முன்வந்தார்கள், எதற்காகத் தந்தார்கள் என்பதை எழுதட்டும். அந்தக் காசில் புலமைப்பரிசில் பெறுகிற பிள்ளையும், கொடுத்த மனிதரும் ஒரே பக்கத்தில் அதை வாசிப்பார்கள். நாகபட்டினத்துக்குக் கப்பலும் சென்னைக்கு விமானமும் இருக்கிற இந்தக் காலத்தில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கல்வெட்டு, சித்த மருத்துவம், கடல்வளம் என்று எத்தனையோ விடயங்களில் சேர்ந்து வேலை செய்யலாம். எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்று தெரிந்தால் ஊரிலுள்ளவர்களும் தோள் கொடுப்பார்கள். ஒவ்வொரு மடலிலும் பழைய ஒப்பந்தம் ஒன்றை எடுத்து, அதனால் இதுவரை விளைந்தது இது என்று ஒரு பந்தி இருந்தால் எனக்கு அதுவே பெரிய நிறைவு. ஒன்றும் விளையவில்லை என்றால் அதையும் எழுதட்டும். விஞ்ஞானம் படித்தவளாகச் சொல்கிறேன், பரிசோதனையில் எதிர்பார்த்தது வராவிட்டாலும் அதைக் கொப்பியில் எழுதித்தான் ஆக வேண்டும்.

அதைவிட ஆவலாக நான் வாசிக்க விரும்புவது உள்ளூர்ப் பயணங்களை. எங்கள் பல்கலைக்கழகம் திருநெல்வேலியில் மட்டும் இல்லை. இசையும் நடனமும் மருதனார்மடத்தில், சித்த மருத்துவம் கைதடியில், விவசாயமும் பொறியியலும் தொழில்நுட்பமும் கிளிநொச்சி அறிவியல்நகரில். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது, அதன் துணைவேந்தரும் இதுபோல் எழுதினால் வன்னிப் பெற்றோருக்கு எவ்வளவு உதவி! அறிவியல்நகர் முறிகண்டிப் பிள்ளையாருக்குக் கிட்ட. அந்தப் பாதையால் போகிற எவரும் முறிகண்டியில் இறங்கிக் கும்பிட்டுக் கச்சான் வாங்காமல் போவதில்லை. அவ்வளவு பேர் இறங்கி ஏறுகிற இடத்துக்குப் பக்கத்தில், நாட்டின் எல்லாத் திசையிலிருந்தும் வந்த பிள்ளைகள் பொறியியல் படிக்கிறார்கள் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? யாழ்தேவி 2014 இல் மறுபடி யாழ்ப்பாணம் வந்த பிறகு அறிவியல்நகரிலும் தரிப்பிடம் உண்டு. துணைவேந்தர் ஒருநாள் காலை ரயிலில் அங்கே போய் இறங்கி, மாணவர்களோடு மதியச் சாப்பாடு சாப்பிட்டு, வெயில் தாழ விவசாய பீடத்து வயலைப் பார்த்துவிட்டு வந்து அதை எழுதட்டும். கேம்பிரிட்ஜ் பயணத்துக்குக் கொடுக்கிற அதே இடத்தை அதற்கும் கொடுக்கட்டும்.

வளாக வாழ்க்கை என்றதும் பரிசளிப்பு விழாவையும் விளையாட்டுப் போட்டியையும் மட்டும் எழுதிவிடக்கூடாது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாடு முழுவதும் விரிவுரையாளர் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். எந்தத் துறையில் எத்தனை இடம் காலி, அதனால் எந்தப் பாடத்தை யார் படிப்பிக்கிறார்கள் என்பது பெற்றோருக்குத் தெரிய வேண்டிய விடயம். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் கிடைக்கிற மகாபொல புலமைப்பரிசில் 2025 இல் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்ந்தது. அறை வாடகையும் சாப்பாடும் போக அந்தக் காசில் ஒரு பிள்ளை மாதம் எப்படிச் சமாளிக்கிறது என்பதை நான் என் வீட்டில் பார்க்கிறேன். காலையில் தேநீரோடு கிளம்பி, பின்னேரம் நாலு மணிக்கு வந்து முதல் தரம் வயிறாரச் சாப்பிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கேட்டால், “கன்ரீனில சாப்பிட்டனான் அன்ரி” என்பார்கள். பொய் என்று எனக்குத் தெரியும். அதனால் சோறு ஒரு பிடி கூடவே போட்டு வைக்கிறேன். எங்கள் ஒழுங்கை அம்மாமார் பலர் இதைச் செய்கிறார்கள். இப்படியான பிள்ளைகளுக்கு ஒரு மதியச் சாப்பாட்டுத் திட்டம் வேண்டுமென்று துணைவேந்தர் ஒரு மடலில் கேட்டால், கோயில்களும் கடைக்காரரும் வெளிநாட்டுப் பழைய மாணவரும் அந்த வாரமே கை கொடுப்பார்கள். யாழ்ப்பாணத்து மனிதர் கல்விக்கென்று கேட்டால் இல்லை என்று சொல்லிப் பழகியவர்கள் அல்ல. கேட்கிறவர் யார், எதற்குக் கேட்கிறார் என்று தெரிந்தால் போதும்.

புதிய மாணவரை மூத்த மாணவர் துன்புறுத்துகிற பகிடிவதை பற்றியும் துணைவேந்தர் எழுத வேண்டும். புதிய மாணவர் வருகிற மாதத்தில், ஒரு பிள்ளைக்குத் துன்பம் நேர்ந்தால் யாரிடம் போவது, எந்த இலக்கத்துக்கு அழைப்பது, முறையிட்ட பிள்ளையை எப்படிப் பாதுகாப்பார்கள் என்று தாய் தகப்பனுக்கு நேரடியாகச் சொல்ல வேண்டும். 1998 இல் பாராளுமன்றம் இதற்கெனவே சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. ஆனால் சட்டம் இருப்பது தோட்ட லயத்தில் இருக்கிற தகப்பனுக்குத் தெரியாது.

நேரம் எங்கே என்று கேட்பார்கள். மாதம் நானூறு, ஐந்நூறு சொல் எழுத முடியாத அளவுக்கு ஒரு பதவி மனிதரை விழுங்கிவிட்டால் அந்தப் பதவியில்தான் ஏதோ திருத்த வேண்டியிருக்கிறது. விபரமெல்லாம் இணையத்தளத்தில் இருக்கிறதே என்பார்கள். ஆங்கிலத்தில், ஆண்டறிக்கையின் நடுவில் இருப்பது, பாணோடு பத்திரிகையும் வாங்கிவந்து வீட்டிலுள்ளவர்களுக்கு வாசித்துக் காட்டுகிற மனிதருக்குப் போய்ச் சேராது. எழுதினால் அரசியலாக்கிவிடுவார்கள், வம்பு வரும் என்ற பயம் நியாயமானதுதான். எங்கள் பல்கலைக்கழகம் கடந்த ஐம்பது வருடத்தில் பட்டதை எண்ணினால் யாருக்கும் அந்தப் பயம் வரும். ஆனால் எழுதாமல் இருந்தபோதும் வம்பு வராமல் இருக்கவில்லை. தலைமை பேசாத இடத்தில் வதந்திதான் பேசியது. அந்த வதந்திகளால் வீட்டில் பெற்றோர் நித்திரையில்லாமல் இருந்த இரவுகளை நான் தொலைபேசியில் கேட்டிருக்கிறேன்.

இந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்கு வந்து முதற்பட்டம் படிக்கிற எங்கள் நாட்டுப் பிள்ளைகள் கட்டணம் கட்டிப் படிப்பதில்லை. 1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில் வேரூன்றிய இலவசக் கல்வியின் நிழலில்தான் நானும் படித்தேன், என் பிள்ளைகளும் படித்தார்கள். கொழுந்து பறிக்கிற அந்த ஹற்றன் தாயும், குருநகரில் வலை இழுக்கிறவரும், மாத்தறையில் கடை வைத்திருக்கிற தகப்பனும் வாங்குகிற ஒவ்வொரு சாமானிலும் கட்டுகிற வரியில்தான் துணைவேந்தரின் சம்பளமும் விமானச் சீட்டும் இருக்கின்றன. அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுவது மரியாதை.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. மடல் வந்தால் அதை வெட்டிச் சுருக்கித் துணுக்காகப் போட்டுவிடாதீர்கள். ஞாயிறு இதழில், எல்லா மாதமும் ஒரே பக்கத்தில், தேடாமல் கண்ணில் படுகிற இடத்தில் போடுங்கள். அடுத்த வாரம் அதே இடத்தில் மாணவர் ஒருவருடைய பதிலையும் ஒரு பெற்றோருடைய பதிலையும் வெளியிடுங்கள். பதில் எழுதுகிற பிள்ளையின் பெயரை அவர் விரும்பாவிட்டால் வெளியிட வேண்டாம். சிங்களப் பிள்ளைகள் சிங்களத்தில் எழுதி அனுப்பினால் அதைத் தமிழாக்கிப் போடுங்கள். என் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டேன், மூவருக்கும் எழுத விருப்பம்.

இதற்குத் தாங்கள் இணங்குகிறீர்கள் என்று ஒரு வரி வெளியிட்டால், எங்கள் பகுதியில் இருக்கிற பழைய மாணவர்களிடமும் அறை கொடுத்திருக்கிற வீட்டாரிடமும் கையொப்பம் சேர்த்து, துணைவேந்தர் அலுவலகத்தில் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். புதிய மாணவர் அனுமதிக்கு முன் முதலாவது மடல் வந்துவிட்டால் நல்லது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
திருநெல்வேலி கிழக்கு, யாழ்ப்பாணம்.